ஊசி குதிக்கிற வீடு

என் வீட்டுத் தரை என் மனைவியின் கட்சி. சும்மா சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொல்கிறேன். நான் காலை எடுத்து வைத்தால் கிறீச்சென்று கத்தி, சமையலறையில் எந்த டப்பாவுக்கு எதிரே நிற்கிறேன் என்பது வரைக்கும் அவளுக்குத் தகவல் கொடுத்துவிடும். அவள் நடந்தால் மூச்சு விடாது. ஆனால் அவள் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் என் ரெக்கார்ட் பிளேயரின் ஊசியை மட்டும் ஒரு தள்ளு தள்ளும். பாடகர் "உன்னை நான்" என்று உருக ஆரம்பிப்பார். காதலிக்கிறேன் என்று சொல்லப் போகிறார் என்று நான் கண்ணை மூடுவேன். ஊசி குதித்து, அடுத்த பாட்டின் நடுவில் போய் விழும். "வழியனுப்பி வைத்தேன்" என்று முடித்துவிடுவார்.

நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். கீழே ஒரு லாண்டரி. படியேறும்போதெல்லாம் இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனையும் கூடவே ஏறி வரும். மாடியில் முன்பக்கம் ஹால். பெரிய ஜன்னல் உண்டு, தரைக்குப் பலகை போட்டிருக்கும். பின்பக்கம், பிற்பாடு யாரோ சேர்த்துக் கட்டிய ஒரு சின்ன ரூம். அதற்குச் சிமெண்ட் தரை, கனமான கதவு, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். குடும்பஸ்தனுக்கு உள்தாழ்ப்பாளைவிடப் பெரிய சொத்து என்ன இருக்கிறது? ஆனால் அந்த ரூமில் என் மனைவியின் தையல் மிஷின் இருந்தது. அவள் திரைச்சீலை, பள்ளிச் சீருடை எல்லாம் ஆர்டர் எடுத்துத் தைக்கிறாள். நானும் என் ரெக்கார்ட் பிளேயரும் ஹாலில் கிடந்தோம்.

நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். நாள் முழுக்க இருட்டு அறையில் உட்கார்ந்து, வருகிறவர் மூக்கின்மேல் ஒரு சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது என் பிழைப்பு. பாதிப் பேர் "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்பார்கள். மீதிப் பேர் தூங்கிவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளில், ஒரு இசைத்தட்டின் ஒரே ஒரு பக்கத்தை, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, ஊசி குதிக்காமல் கேட்டுவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். வேறு யாராவது இதைவிடச் சின்னதாக ஆசைப்பட்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அந்த வாரமும் ஊசி குதித்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து, இனிமேல் இந்த வீட்டில் ஊசி குதிக்காது, குதிக்காமல் செய்கிறவரை நான் ஓய்வதில்லை என்று சபதம் போட்டேன். மனைவி ரூமிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்க ஊசியைச் சொல்றீங்களா, என் ஊசியைச் சொல்றீங்களா?"

"என் ஊசியை."

"நல்லவேளை. என் ஊசி குதிச்சாத்தான் வீட்டுக்குச் சோறு. உங்க ஊசி குதிச்சா வீட்டுக்கே சோகம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்படி ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விடுவது அவள் வழக்கம். பதில் எனக்கு எப்போதும் பஸ்ஸில் போகும்போதுதான் தோன்றும்.

முதலில் சட்டத்தின் மூலம் தீர்க்கப் பார்த்தேன். ஊசி இறங்கிவிட்டால் வீட்டில் யாரும் காலை அசைக்கக் கூடாது, நின்றவர் நின்றபடி, உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி. மனைவி உடனே சரி என்றாள். நான் சொல்லி அவள் உடனே சரி என்ற எந்தக் காரியமும் எனக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஊசியை இறக்கினேன். அவள் ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலின் நடுவே வந்திருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பாட்டு ஆரம்பித்தது. ஒரு குதிப்பு இல்லை. எனக்குப் புல்லரித்தது. முதல் சரணம் முடியும்போது மூக்கில் ஏதோ ஏறியது.

"என்னமோ தீயற மாதிரி இருக்கே."

"ஆமா."

"அடுப்புல என்ன?"

"பால்."

"போய் அணைக்கலையா?"

"ஊசி இறங்கியிருக்கே."

நான் பாய்ந்தேன். பலகைகள் எகிறின. ஊசி ஒரே ஓட்டமாகத் தட்டின் நடுவிலுள்ள காகிதம் வரைக்கும் ஓடி அங்கே கரகரவென்று உரசியது. கரிந்த பாத்திரத்தோடு நான் திரும்பி வந்தபோது அவள் அசைந்து, பதமாக ஊசியைத் தூக்கி வைத்து, சட்டத்தை நானே மீறிவிட்டதாகச் சொன்னாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, தட்டு எங்கே என்று கேட்டேன். ஹாலில் சுற்றிக்கொண்டிருக்கிறதே என்றாள். சட்டம் அன்றோடு ரத்தானது.

அடுத்தபடி விஞ்ஞானம். ரெக்கார்ட் பிளேயருக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் கொடுத்தேன். முன்பு குதித்த ஊசி இப்போது ஊஞ்சலாடிவிட்டுக் குதித்தது. டென்னிஸ் பந்துகளைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, அவற்றின் மேல் நிறுத்தினேன். கதவை யாரோ சாத்தினார்கள். ரெக்கார்ட் பிளேயர் பாடிக்கொண்டே ஜன்னல் பக்கம் புறப்பட்டுவிட்டது. ஓடிப் பிடித்தேன். ஒரு டிரேயில் மணலைப் பரப்பி அதன் மேல் வைத்தேன். குதிப்பது கொஞ்சம் குறைந்தது. ஆனால் மணல் எப்படியோ ஹால் முழுக்கப் பரவி, அன்றைக்குத் தைத்து வைத்திருந்த சீருடைகளின் பைக்குள்ளெல்லாம் போய்விட்டது. மனைவி ஒவ்வொரு பையாக ஜன்னலுக்கு வெளியே உதறினாள். அவள் திட்டினால் எனக்குச் சாப்பாடு இறங்கும். பேசாமல் உதறினால் இறங்காது.

ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தொழில்முறைப்படி சோதனையும் நடத்தினேன். பஞ்சு வைத்து ஒரு தடவை, பஞ்சு எடுத்து ஒரு தடவை.

"இது தெளிவா, அது தெளிவா?"

"ரெண்டுலயும் அவர் அதே பாட்டைத்தான் பாடறார்."

"பாட்டைக் கேக்கலை. சத்தம் எதுல தெளிவா இருக்கு?"

"நீங்க நடுவுல பேசாம இருந்தா ரெண்டுமே தெளிவாத்தான் இருக்கும்."

கடையில் இப்படிப் பேசும் ஆளுக்குத் தடித்த சட்டத்தை எடுத்துக் காட்டிப் பழி தீர்த்துக்கொள்வேன். வீட்டில் அந்த வசதி இல்லை.

இந்தக் கட்டத்தில் மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. சமையல் மேடைகளுக்குக் கல் பதிக்கிற வேலை. ஆளும் கிட்டத்தட்ட ஒரு மேடை அளவு இருப்பான். அவன் வந்து நின்றாலே ஊசி தானாகக் குதிக்கும், நடக்கவே வேண்டாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமா, லேசான சாமான் கீழ லேசான பஞ்சு வெச்சா ஆடத்தான் செய்யும். மேல கனம் இருக்கணும், அடியில காத்து இருக்கணும்" என்றான். அவனுக்கு எங்கிருந்து இந்த யோசனை வந்தது என்று நான் கேட்கவில்லை. அக்கா சொல்லியனுப்பினாளோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

எங்கோ வேலையில் மிச்சமான கருங்கல் பலகை ஒன்றை அவனும் நானுமாக மாடிக்குத் தூக்கிவந்தோம். தூக்கினான் என்று சொல்வதுதான் நியாயம், நான் வழி சொன்னேன். ஜன்னலோரம் ஒரு பழைய மேஜை. அதன் மேல் பாதிக் காற்று அடித்த சைக்கிள் டியூப். டியூபின் மேல் கல். கல் பட்டதும் டியூப் பெருமூச்சு விட்டது, ஆனால் தாங்கிக்கொண்டது. தரையின் உதறல் டியூபோடு நின்றுவிடும், கல் வரைக்கும் ஏறாது என்பது கணக்கு.

விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடி டம்ளரைக் கல்லின் மேல் வைத்தேன். மச்சானை ஹாலின் அந்தக் கோடியில் நிறுத்திக் குதிக்கச் சொன்னேன். குதித்தான். சுவர்க்கடிகாரம் கோணியது. விளக்கு ஆடியது. கீழேயிருந்து லாண்டரிக்காரர், மேலே யார் விழுந்தது என்று பதறிப்போய்க் கேட்டார். டம்ளரில் ஒரு சிற்றலை இல்லை.

மனைவி ரூமிலிருந்து வந்து டம்ளரையே வெகுநேரம் பார்த்தாள்.

"தண்ணி ஆடவே இல்லையே."

"ஆடாது."

"இது மேல எது வெச்சாலும் ஆடாதா?"

"மலையைத் தூக்கி வெச்சாலும் ஆடாது."

அவள் கல்லின் விளிம்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கடையில் துணியை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது அவள் தடவுகிற விதம் அது. புருஷனின் மூளையை எண்ணிப் பெருமைப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். காபிகூடக் கேட்காமலே வந்தது.

என் சபதம் நிறைவேறிவிட்டது. கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. மனிதனுக்கு ஒன்று கிடைத்ததும் அதற்குப் பக்கத்தில் இருப்பதும் வேண்டியிருக்கிறது.

ஊசி குதிக்கவில்லைதான். ஆனால் ஹாலில் ஆள் குதித்துக்கொண்டிருந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள், அளவு சரியில்லை என்று சொல்ல வருகிறவர்கள், ஒரு பித்தானுக்காக வந்து உட்கார்ந்து ஒரு குடும்பக் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் என்று எல்லோரும் என் ஹால் வழியாகத்தான் பின்ரூமுக்குப் போக வேண்டும். சும்மா போவதில்லை. ஒரு அம்மாள் கல்லைப் பார்த்துவிட்டு, ஹாலிலேயே அடுப்பு மேடை வைத்துவிட்டீர்களா என்றார். இன்னொருவர் சுற்றுகிற தட்டின் மேல் தன் துணிப்பையை வைக்கப் போனார். நான் பாய்ந்து தடுத்ததில், பாவம், அவர்தான் பயந்து, வாயில் கவ்வியிருந்த பித்தானை விழுங்கிவிட்டார்.

அந்தப் பின்ரூம் என் கண்ணில் பட ஆரம்பித்தது. கதவு, தாழ்ப்பாள், சிமெண்ட் தரை. அங்கே ஒரு நாற்காலியும் நானும் ரெக்கார்ட் பிளேயரும் மட்டும் என்று யோசித்தாலே எனக்குத் தலைகால் புரியவில்லை. நடுவில் நின்றது அவளுடைய தையல் மிஷின். அது ஓட ஆரம்பித்தால் அந்த ரூமிலிருந்து கடகடவென்று ஓர் உறுமல் கிளம்பிச் சுவர் வழியாக ஹால் வரைக்கும் வரும். இவ்வளவு சின்ன மிஷினுக்கு இவ்வளவு பெரிய தொண்டையா என்று நான் பலமுறை வியந்ததுண்டு. வேலை நேரத்தில் நான் அந்த ரூமுக்குள் போவதே இல்லை. போனால் ஏதாவது ஒரு துணியின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்வாள்.

அந்த ரூமில் அவளுக்கு ஒரு சங்கடம் இருந்தது உண்மை. கொஞ்ச நாளாகவே தையல் நேராகப் போகாமல் அங்கங்கே கோணுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுக்காரர்கள் திரைச்சீலைகளைத் திருப்பியே அனுப்பிவிட்டார்கள். அன்று அவள் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. கை சுத்தமான தையல்காரி என்று பெயரெடுத்தவள் அவள். அந்தப் பெயருக்கு ஒன்று வந்தால் தாங்கமாட்டாள். என் வீட்டிலேயே ஒரு பார்வைக் குறையா என்று உடனே கடைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சோதனையின்போது வேறு எதுவும் பேசக் கூடாது, தலை அசையும், கடைசி வரியைப் படி என்று அடக்கிவிட்டேன். கண்ணில் குறை ஒன்றும் அகப்படவில்லை. இருந்தாலும் தொழில்காரன் மனைவியை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? லேசாக ஒரு வில்லை போட்டு, நல்ல சட்டமாகப் பார்த்து மாட்டிவிட்டேன். அவளும் பேசாமல் போட்டுக்கொண்டாள்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். ரூமைக் கொடு என்று நேராகக் கேட்டால் கிடைக்காது. கல்லும் டியூபும் தோற்றுவிட்டன, ஹாலில் எதை வைத்தாலும் ஊசி குதிக்கத்தான் செய்யும், சிமெண்ட் தரை ஒன்றுதான் வழி என்று அவளே உணர வேண்டும். அதற்கு ஊசி குதிக்க வேண்டும். ஆனால் அந்தக் கல்லின் மேல் அது குதிக்க மறுத்தது. ஆகவே நான் மேஜையை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, யாரும் பார்க்காமல், மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கல்லுக்கு அடியிலிருந்து முட்டியால் ஒரு இடி. ஊசி அழகாகக் குதித்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

வருகிற விடுமுறையெல்லாம் இதே வேலையாகிவிட்டது. எந்த ஊசி குதிக்கக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டேனோ, அதை நானே உதைத்து உதைத்துக் குதிக்கவைத்தேன். ஒருநாள் இடி கொஞ்சம் பலமாகிவிட்டது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கண்ணில் பொறி பறந்தது. மனைவி ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் கட்சிக்காரத் தரை எனக்குச் சொல்லவில்லை.

"முட்டி வலிக்குதா?"

"முட்டியா? இல்லையே, மனசு வலிக்குது. மறுபடியும் குதிச்சிடுச்சு."

"பாத்தேன்."

பரிவாகத்தான் சொன்னாள். தைலம்கூட எடுத்துவந்து கொடுத்தாள். மனசுக்கு எங்கே தடவுவது என்று தெரியாமல், அவள் போன பிறகு முட்டிக்கே தடவிக்கொண்டேன்.

சமயம் வாய்த்துவிட்டது என்று பேச்சை எடுத்தேன். பலகைத் தரை என்றைக்கும் பலகைத் தரைதான், அதோடு உன் மிஷின் ஓடும்போது கட்டடமே நடுங்குகிறது, அது இருக்கும் இடத்தில் என் பிளேயரும் என் பிளேயர் இருக்கும் இடத்தில் அதுவும் இருந்தால் என்ன என்று, வில்லையை மெதுவாக மாற்றிப் போடுவதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக வைத்தேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். அந்த ரூம் அவளுக்குக் கைவந்த இடம் என்றாள். இத்தனை துணியையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்றாள். நாலு பேர் வந்து போகிற ஹாலில் உட்கார்ந்து எப்படித் தைப்பது என்றாள். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எனக்கு நெஞ்சு உறுத்தியது, ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு நிமிஷம் திட்டத்தையே கைவிட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு அந்தத் தாழ்ப்பாள் ஞாபகத்துக்கு வந்தது.

கடைசியில் இறங்கி வந்தாள். எனக்காக என்றாள். ஆனால் சில ஏற்பாடுகள் வேண்டுமாம். கல்லும் மேஜையும் ஹாலிலேயே இருக்கட்டும், பின்ரூம் வாசல் வழியாக எப்படியும் நுழையாது. நுழையாதுதான், ஒப்புக்கொண்டேன். மிஷினை அதன் மேல் வைத்துக்கொள்கிறேன், வேறு மேஜைக்கு எங்கே போவது என்றாள். வைத்துக்கொள் என்றேன். ஜன்னலோரம் துணி அடுக்க ஒரு அலமாரி, வருகிறவர்கள் உட்கார என் சாய்வு நாற்காலி. அதற்கும் தலையாட்டினேன். பின்ரூமை நானே காலி பண்ணி, நானே வெள்ளையடித்து, அவள் சாமான்களை நானே ஹாலுக்குச் சுமக்க வேண்டும் என்றாள். சுமப்பதாகச் சொன்னேன். போரில் தோற்றவரிடம் கொஞ்சம் பெருந்தன்மை காட்டுவது நல்லது.

நானும் ஏமாளி இல்லை. மாற்றுவதற்கு முன்னால் பின்ரூமில் ஒரு சோதனை வேண்டும் என்றேன். அவளும் தாராளமாகப் பார்க்கச் சொன்னாள். காலையில் தைக்கிற வேலை இருக்கிறது, மத்தியானம் சாப்பிட்ட கையோடு பார்த்துவிடலாம், அப்போது தன் மிஷினையும் நிறுத்தி வைக்கிறேன் என்றாள். சொன்னபடியே நிறுத்தி வைத்தாள். அந்த உறுமல் அடங்கிவிட்டது. தண்ணீர் டம்ளரைச் சிமெண்ட் தரையிலேயே வைத்தேன். மச்சானை வரவழைத்துப் பக்கத்திலேயே குதிக்கவைத்தேன். டம்ளரில் லேசாக ஒரு வட்டம் தோன்றி அடங்கியது, அவ்வளவுதான். ஊசியை இறக்கினேன். ஒரு பாட்டு முழுசாக ஓடியது. மிஷின் வெளியே போய்விட்டால் இந்த ரூம் ஒரு பாறை என்று முடிவு கட்டினேன். மச்சான் ஏதோ சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. அவனுக்கு எப்போதுமே அந்த முகம்தான் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளையடித்தேன். சுமந்தேன். துணி மூட்டைகளுக்கு இவ்வளவு எடை இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அலமாரியைச் சுவரில் முடுக்கினேன். ஒரு தடவை கோணலாகிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொள்கிறீர்களா என்று மனைவி கேட்டாள். கடைசியில் கருங்கல்லின் மேல் தையல் மிஷினும், பின்ரூமில் என் ரெக்கார்ட் பிளேயரும் குடியேறின. எனக்கு ஒரு மர நாற்காலி மிஞ்சியது. அது போதும் என்று தோன்றியது.

அடுத்த விடுமுறை நாள். காலைச் சாப்பாடு முடிந்ததும் இசைத்தட்டைப் பட்டுத்துணியால் துடைத்தேன். ரூமுக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்பதற்காகத் திறந்துவிட்டு மறுபடியும் போட்டேன். நாற்காலியில் சாய்ந்து, ஊசியை இறக்கி, கண்ணை மூடினேன்.

"உன்னை நான்" என்று ஆரம்பித்தார் பாடகர்.

காலுக்கு அடியில் ஏதோ விழித்துக்கொண்டது. முதலில் மெதுவாகக் கடகடவென்றது. பிறகு வேகம் பிடித்தது. நாற்காலி நடுங்கியது. நாற்காலியோடு நானும் நடுங்கினேன். அதே பழைய உறுமல். ஊசி ஒரு தரம் துள்ளியது, இன்னொரு தரம் துள்ளியது, பிறகு துள்ளிக்கொண்டே இருந்தது. பாடகர் ஒரு எழுத்துகூட முழுதாகச் சொல்ல முடியாமல் குளிர்ஜுரம் வந்தவர்போலத் திக்கினார். அவள் மிஷின்தான் இங்கே இல்லையே என்று எழுந்து, இதுவரை துணி மூட்டைகள் மறைத்துக்கொண்டிருந்த பின்ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தேன்.

சரியாக என் காலுக்கு நேர்கீழே, லாண்டரியின் பின்பக்கம், ஒரு பீப்பாய் அளவு எந்திரம் ஈரத் துணியைச் சுழற்றிப் பிழிந்துகொண்டிருந்தது. கடையின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து, அங்கே இஸ்திரி மட்டும்தான் நடக்கிறது என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். லாண்டரிக்காரர் நிமிர்ந்து பார்த்து, மாற்றிக்கொண்டு வந்துவிட்டீர்களா என்று சந்தோஷமாகக் கேட்டார்.

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஹாலுக்கு ஓடினேன். ஜன்னல் வெளிச்சத்தில், கருங்கல்லுக்கு முன்னால், என் மனைவி நிம்மதியாக உட்கார்ந்து ஒரு திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் பூனை மாதிரி முனகியது. தையல் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல நேராக இறங்கிக்கொண்டிருந்தது. என் சாய்வு நாற்காலியில் அந்தப் பித்தான்காரர் சாய்ந்திருந்தார்.

"கீழ ஒரு எந்திரம் ஓடுது" என்றேன்.

"ஓடும். காலையில ஆரம்பிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்துவாங்க. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஓடும்."

"அது உன் மிஷின் சத்தம்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."

"நினைச்சிட்டிருந்தீங்க."

"அப்போ தையல் கோணினது?"

"தரை ஆடினா தையல் கோணாதா?"

"கண்ணு டெஸ்ட் பண்ணப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். கடைசி வரியைப் படின்னீங்க."

எனக்குக் கோபம் வந்தது. வெள்ளையடித்த கை இன்னும் வலித்தது, இடித்த முட்டியும் வலித்தது. பித்தான்காரர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை, கேட்டேவிட்டேன்.

"இப்படி ஆடும்னு தெரிஞ்சுமா அந்த ரூமை எனக்கு விட்டுக்கொடுத்தே?"

அவள் நூலைக் கத்தரித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆடாத ரூமா இருந்தா நான் எதுக்குங்க விட்டுக்கொடுக்கப் போறேன்?"